இரண்டு பாட்டி, ஒரு லீவு

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவனையும் நடுராத்திரியில் தட்டி எழுப்பி, "இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் சொல்லுடா" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணைத் திறக்காமலே சொல்வான்: "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மி லீவ் ஃபார் டூ டேஸ்." ஷேக்ஸ்பியர் வர மாட்டார். மில்டன் வர மாட்டார். இதுதான் வரும். நாம் இங்கிலீஷில் பிழையில்லாமல் எழுதிய முதல் இலக்கியமே ஒரு பொய்தான் சார்!

அதில் 'ஃபீவர்' தெரியும். 'ரிக்வெஸ்ட்' தெரியும். 'லீவ்' என்றால் என்ன? "இதென்ன கேள்வி, லீவுன்னா லீவு" என்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். 1999 ஆகஸ்ட் மாசம் அந்த ஒரு வார்த்தை என்னைப் படுத்திய பாட்டுக்கு அப்புறம்தான் அதன் குலம் கோத்திரத்தை விசாரிக்கக் கிளம்பினேன்.

எனக்கு ஊர் குடியாத்தம். 1954-ல் முதலமைச்சரான காமராஜரை இடைத்தேர்தலில் ஜெயிக்க வைத்து சட்டசபைக்கு அனுப்பிய ஊர். (இதை எங்களூர்க்காரன் யாரும் கேட்காமலே சொல்வான். கண்டுகொள்ளாதீர்கள்.) ஊருக்குள் கைலி, பீடி, தீப்பெட்டி. ஊரைச் சுற்றி ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று எல்லாம் தோல். எங்கள் வீட்டில் அப்பா குழித்தறி. நான் பி.காம். முடித்துவிட்டு 1995-ல் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் செக்‌ஷன் கிளார்க்காகச் சேர்ந்தேன். காலையில் மாதனூர் வழியாக பஸ். ராத்திரி அதே பஸ். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதிப் பேரிடம் தோல் வாசனை, மீதிப் பேரிடம் பிரியாணி வாசனை.

அப்பாவுக்கு லீவு என்பதே வேடிக்கையான சமாசாரம். நெசவுக்காரனுக்கு மழைதான் மேனேஜர். பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட வெயில் வேண்டும். தறிக் குழியில் தண்ணீர் ஊறிவிட்டால் கால் வைக்க முடியாது. அன்றைக்கு வேலைக்கும் லீவு, கூலிக்கும் லீவு. மற்றபடி பொங்கல், தீபாவளி, வைகாசி ஒண்ணாம் தேதி கெங்கையம்மன் சிரசு. தரணம்பேட்டையிலிருந்து அம்மன் சிரசு கிளம்பி கோபாலபுரம் போகிற அன்றைக்கு எங்களூரில் எவன் தறியில் இறங்குவான்? அம்மனிடம் மட்டும் யாரும் லீவ் லெட்டர் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். 1948-ஆம் வருஷத்து தொழிற்சாலைச் சட்டம், வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவனுக்கு 20 நாளைக்கு ஒரு நாள் என்று கணக்குப் போட்டு சம்பளத்தோடு லீவு தரச் சொல்லியிருக்கிறது என்று. அப்பா நாடாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இருவது நாள் நெய்தா ஒரு நாள் சும்மா குந்தலாமா? அதுக்கும் கூலி குடுப்பானா?"

"குடுப்பாங்கப்பா."

"மகராசனுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஒரு வாரம் தெருவில் போகிறவன், வருகிறவன், தார் சுற்றுகிற கிழவி வரை எல்லாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் சம்பளத்தைப் பற்றி அவர் யாரிடமும் பீற்றியதில்லை. லீவைப் பற்றித்தான் பீற்றினார்.

அந்த லீவை நான் எப்படிச் செலவழித்தேன் தெரியுமா? பாட்டிகளைக் கொன்று.

முதல் பாட்டி 1996 மார்ச் 9-ம் தேதி காலமானாள். அன்றைக்கு பெங்களூரில் உலகக் கோப்பை கால் இறுதி, இந்தியா-பாகிஸ்தான். அப்பாவைப் பெற்ற பாட்டி, நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவள். செத்தவளை இன்னொரு தடவை சாகடிப்பதில் என்ன பாவம் என்று ஒரு சமாதானம். ஜடேஜா கடைசியில் வக்கார் யூனிஸை வெளுத்தபோது பாட்டி மன்னித்திருப்பாள் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது பாட்டி 1999 ஏப்ரலில் 'படையப்பா' ரிலீஸுக்காகப் போனாள். அங்கேதான் தப்பு செய்தேன். ஏனென்றால் அம்மாவைப் பெற்ற ஆயா அப்போது குத்துக்கல் மாதிரி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். லெட்டரில் அவளுக்கு 'சடன் டெமிஸ்' என்று எழுதினேன். 'டெத்'தை விட 'டெமிஸ்' மேனேஜருக்குப் பிடிக்கும்.

ஜூன் மாசம் ஆம்பூரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். ஆயா வந்தாள். வந்தவள் சும்மா போகக்கூடாதா? பேரன் ஆபீஸைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பை முறுக்கோடு கம்பெனி கேட்டுக்கு வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மேனேஜர் சாப்பிட்டுவிட்டு வருகிறார்.

"யாரும்மா நீங்க? யார் வேணும்?"

ஆயா என் பெயரைச் சொன்னாள். "நான் அவன் ஆயா சாமி. அம்மாவப் பெத்தவ."

மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. மரியாதையாக உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்து காபி வரவழைத்துக் கொடுத்தார். என்னைக் கூப்பிட்டு, "உங்க பாட்டி வந்திருக்காங்க" என்றார். 'எங்கேயிருந்து' என்று மட்டும் சொல்லவில்லை. ஆயா அவருக்கும் நாலு முறுக்கு கொடுத்து, "நல்லா இருக்கணும்" என்று வாழ்த்திவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நிற்க. ஆகஸ்டுக்கு வருகிறேன்.

எங்கள் கம்பெனிக்கு ஜெர்மனியில் ஒரு பையர். எல்.சி.யில் போட்டிருந்த கடைசி ஷிப்மெண்ட் தேதி ஆகஸ்ட் 14. எங்களால் முடியாது, ஒரு வாரம் தள்ளி அமெண்ட்மெண்ட் கொடுங்கள் என்று ஃபேக்ஸ் அனுப்பினோம். பதில் வந்தது. ஐயா 'உர்லாப்'பில் இருக்கிறார், 23-ம் தேதி வருவார், அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. ஃபேக்ஸை டெஸ்பாட்ச் பையன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"யு... ஆர்... எல்... ஏ... ஊர்லாப்பு... ஊர்ல அப்பா! ஊர்ல அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல போலருக்குது சார், அதான் லீவு போட்டுட்டாரு."

ஆபீஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் ஊரில் அப்பாவுக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லை. வயிற்றில் கட்டி. வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. ஆகஸ்ட் 12 வியாழக்கிழமை ஆபரேஷன். திறந்து பார்த்தால்தான் நல்ல கட்டியா, கெட்ட கட்டியா என்று தெரியும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஜெர்மன்காரர் லீவில் போனதால் தேதி தள்ளாது. தேதி தள்ளாததால் வியாழக்கிழமை ராத்திரிக்குள் கண்டெய்னர் சென்னைக்குக் கிளம்பியாக வேண்டும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் நான். அவருக்கு லீவு கிடைத்ததால் எனக்கு லீவு கிடையாது. உலக வர்த்தகம் என்பதை எனக்கு யாரும் இதைவிடத் தெளிவாக விளக்கியதில்லை.

இருந்தாலும் லெட்டரை எழுதிக்கொண்டு போய் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையான லீவ் லெட்டர். மேனேஜர் படித்தார். மெதுவாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பாட்டி ரெண்டு பேரும் தீர்ந்துட்டாங்க. இப்ப அப்பாவா?"

"சார், இது நிஜம் சார்."

"மார்ச்லயும் நிஜம்னுதான் கையெழுத்துப் போட்டேன். ஏப்ரல்லயும் நிஜம்னுதான் போட்டேன். ஆபரேஷன்னா வீட்ல வேற ஆளே இல்லியா? ஷிப்மெண்ட்ட முடிச்சிட்டுப் போப்பா."

அவர் குரலில் கோபம்கூட இல்லை. நான் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுவந்து காட்டியிருக்கலாம்; அது வேலூரில் அம்மாவின் முந்தானை முடிச்சில் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கலாம். அப்படிப் போவதற்கு இங்கிலீஷ்காரன் 'ஃபிரெஞ்சு லீவ்' என்று பெயர் வைத்திருக்கிறான். ஃபிரெஞ்சுக்காரன் அதையே 'இங்கிலீஷ்காரன் மாதிரி நழுவுவது' என்கிறான்! இரண்டு பேரும் ஒருத்தன் தலையில் ஒருத்தன் கட்டிவிட்டு நழுவிவிட்டார்கள். என்னால் நழுவ முடியவில்லை. ஆபரேஷன் செலவுக்கு அதே கம்பெனியில்தான் ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தேன்.

வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்குக் கண்டெய்னர் கதவில் சீல் வைத்தார்கள். லாரி கேட்டைத் தாண்டியதும் ஓடிப்போய் பஸ் பிடித்தேன். வேலூர் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரைக்கு மேல். ஆபரேஷன் மத்தியானமே முடிந்துவிட்டது. வார்டு வராந்தாவில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கட்டை விரலில் நீல மை.

"ஏதோ பேப்பர் குடுத்தாங்கடா. அறுக்கறதுக்கு சம்மதம்னு கையெழுத்து வேணுமாம். ஆம்பள யாரும் வரலியான்னு கேட்டாங்க. வேலைக்குப் போயிருக்கான்னேன். நானே உருட்டிட்டேன்."

அந்த விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். துடைத்தால் போகவில்லை.

விடியற்காலை அப்பா கண் திறந்தார். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "லீவு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கப்பா."

"சம்பளத்தோடவா?"

"சம்பளத்தோடதான்."

"மகராசனுங்க" என்றார். அப்புறம் கொஞ்சம் சிரித்தார். "எனக்கும் லீவுதான். முப்பது வருஷத்துல மழையில்லாத நாள்ல தறியில எறங்காதது இப்பத்தான்."

கட்டி நல்ல கட்டிதான். அப்பா பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

எங்கள் தெருவில் ரிட்டயரான இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் இருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு லீவ் லெட்டர் எழுதக் கற்றுக்கொடுத்த பாவம் அவரைச் சேர்ந்தது. அப்பாவைப் பார்க்க வந்தவரிடம் அழாக்குறையாகப் புலம்பினேன். "லீவு என்ன சார், பிச்சையா? என் உரிமை இல்லியா?" என்று சங்கத் தலைவர் மாதிரி கத்தினேன்.

"லீவுன்னா உனக்கு என்னன்னு தெரியுமாடா?" என்றார்.

"போறது சார். லீவ்னா விட்டுட்டுப் போறது."

"அதான் தப்பு. வா வீட்டுக்கு."

செங்கல் கனத்துக்கு ஒரு சேம்பர்ஸ் டிக்‌ஷனரியும், அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் வைத்திருந்தார். பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். 'லீவ்' இரண்டு உண்டாம். விட்டுப் போகிற லீவ் ஒரு வினைச்சொல். நாம் லெட்டரில் கேட்கிற லீவ் வேறு, அது பெயர்ச்சொல். உருவம் ஒன்று, ஊர் வேறு. ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த இரண்டு பேரை நாம் அண்ணன் தம்பி என்று நினைத்துவிட்டோம்.

நமது லீவுக்கு ஆதி அர்த்தம் 'அனுமதி'. அவ்வளவுதான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய இங்கிலீஷில் அதை ஏறக்குறைய 'லேஆஃப்' என்று உச்சரித்தார்களாம். ("பயப்படாதே, இது கம்பெனியில குடுக்கற லே-ஆஃப் இல்ல" என்றார் வாத்தியார்.) அதனால்தான் லீவை 'எடுக்கிறேன்' என்று லெட்டரில் எழுதாமல் 'கிராண்ட்' பண்ணுங்கள் என்று கெஞ்சுகிறோம். அனுமதியைத்தானே வழங்க முடியும்! இங்கிலீஷ்காரன் விருந்து முடிந்து கிளம்பும்போது 'டேக்கிங் லீவ்' என்கிறானே, அதுவும் போவது அல்ல. போக அனுமதி வாங்குவது. நம் பெரியவர்கள் வாசலில் நின்று "உத்தரவு வாங்கிக்கிறேன்" என்பார்களே, அச்சாக அதுதான்.

"அனுமதிங்கறது எங்கேர்ந்து வந்துது? அதப் பாரு" என்று இன்னும் ஒரு படி கீழே இறங்கினார் வாத்தியார்.

பழைய இங்கிலீஷில் 'லீஃப்' என்று ஒரு சொல். அன்புக்குரியது, பிரியமானது என்று அர்த்தம். அதே குடும்பத்தில் பிறந்தது லவ். அதே குடும்பத்தில் பிறந்தது பிலீவ், பிலீஃப். பிரியமானதாக வைத்துக்கொள்வதுதான் நம்புவது. பிரியத்தோடு சரி என்பதுதான் அனுமதி. டச்சுக்காரன் இதையே 'ஃபெர்லாஃப்' என்றான். அதைத்தான் இங்கிலீஷ்காரன் கடன் வாங்கி 'ஃபர்லோ' ஆக்கி, வெள்ளைக்காரத் துரைமார்கள் மெட்ராஸிலிருந்து கப்பலேறி சீமைக்குப் போகிற நீண்ட லீவுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

"ஜெர்மன்ல?" என்று கேட்டேன், ஃபேக்ஸ் ஞாபகத்தில்.

"உர்லாப். அனுமதிக்கறது 'எர்லாபன்'. நம்பறது 'கிளாபன்'. அன்பு 'லீப'. எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க."

ஊர்ல அப்பா!

ஜெர்மனியில் 1963-ல் இந்த உர்லாப்புக்கு என்றே ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். வாரம் ஆறு நாள் வேலை என்றால் வருஷத்துக்குக் குறைந்தது 24 நாள். நம்முடைய பையரின் பாட்டிகள் எல்லாம் ஏன் தீர்க்காயுசாக இருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வாத்தியாருக்குக் குஷி பிறந்துவிட்டது. "நம்ம பக்கம் வரட்டுமா?" என்றார். 1786-ல் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் எழுந்து நின்று, சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன என்று சொன்னார் இல்லையா? இங்கிலீஷ், ஜெர்மன் எல்லாம் அந்தக் குடும்பம்தான். அந்தக் கணக்குப்படி இந்த லவ்வுக்கும் லீவுக்கும் சமஸ்கிருதத்தில் ஒரு பெரியப்பா உண்டு. 'லுப்' என்கிற வேர். ஆசைப்படுவது. அதிலிருந்து லோபம். லோபத்திலிருந்து தமிழில் நாம் எடுத்துக்கொண்டது... உலோபி!

"சார், அப்ப லீவும் கஞ்சனும் ஒரே குடும்பமா?"

"பங்காளிங்க. அதான் ஒத்துப்போகல" என்றார்.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் மேனேஜரை மனசுக்குள் 'உலோபி' என்று பத்து தடவை கூப்பிட்டுக்கொண்டேன். வாத்தியார் சிரிக்கவில்லை. மேனேஜர் என்ன சொன்னார் என்று மறுபடி கேட்டார். பாட்டிக் கதை, முறுக்கு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"நீ லீவு கேட்டே. அவர் பிலீஃப் இல்லேன்னாரு. ரெண்டும் ஒரே வார்த்தைடா. ஒண்ண செலவழிச்சிட்டு இன்னொண்ணக் கேட்டா எங்கேர்ந்து குடுப்பாரு?"

டிக்‌ஷனரியை மூடிவிட்டார். எனக்கு அவர் வீட்டுக் காபி இறங்கவில்லை. அத்தனை நாளும் மேனேஜர்தான் என் அப்பாவின் ஆபரேஷனுக்கு என்னை விடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மார்ச் 9-ம் தேதி டி.வி. முன்னால் உட்கார்ந்து கைதட்டியவன்தான் விடவில்லை.

மற்ற லீவுகளையும் அப்புறம் நானே நோண்டிப் பார்த்தேன். கேஷுவல் லீவில் வரும் 'கேஷுவல்', லத்தீனில் விழுவது என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் மேல் எதிர்பாராமல் வந்து விழுவது. சும்மா ஜாலியாகப் போடுவது என்று எந்த லத்தீன்காரனும் சொல்லவில்லை. பிரிவிலேஜ் என்பது 'தனி ஒருவனுக்கான சட்டம்'. ஹாலிடே 'புனித நாள்', அதாவது எங்கள் சிரசு மாதிரி. லாஸ் ஆஃப் பே-க்கு டிக்‌ஷனரி தேவையில்லை.

தமிழ் இந்தக் குடும்பமே இல்லை. சமஸ்கிருதத்திலிருந்து பிறந்ததல்ல, தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-லேயே மெட்ராஸ் கலெக்டராக இருந்த எல்லிஸ் எடுத்துக் காட்டிவிட்டார். ஆகவே நாம் லீவுக்கு வேறு வழியில் போனோம். நமக்கு வேர் 'விடு'. விடுப்பு, விடுமுறை, விடுதலை. போக அனுமதிக்கு 'விடை' என்றும் பெயர். கேள்விக்குப் பதிலும் விடை. இரண்டையும் மேனேஜர் சட்டென்று தர மாட்டார். (யாழ்ப்பாணத்தில் 'விடுப்பு' என்றால் ஊர் வம்பு, அடுத்த வீட்டு சமாசாரத்தைக் காது கொடுத்துக் கேட்பது. ஆக, லீவு போட்டுவிட்டு என்ன செய்வது என்பதை அவர்கள் வார்த்தையிலேயே வைத்துவிட்டார்கள்.) எல்லாவற்றுக்கும் மேலே, சுடு என்பது சூடு ஆகிற மாதிரி, கெடு என்பது கேடு ஆகிற மாதிரி, விடு என்பது நீண்டால் வீடு. இலக்கண வகுப்பில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று உருப்போட்டபோது, இது சாயங்காலம் ஆபீஸ் முடிகிற மணிச் சத்தம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

2003-ல் ஆயா போனாள். இந்தத் தடவை நிஜமாக. லீவ் லெட்டர் எழுத உட்கார்ந்தேன். 'ஆஸ் மை கிராண்ட்மதர்...' என்று ஆரம்பித்துப் பேனா நின்றுவிட்டது. ரிஜிஸ்டர்படி அவள் நாலு வருஷத்துக்கு முன்னாலேயே 'டெமிஸ்' ஆனவள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், பீடிக் கூலியில் எனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டியவள். அவளை 'தூரத்து உறவில் ஒருவர்' என்று எழுதி ஒரு நாள் சி.எல். வாங்கினேன். அந்த லெட்டர் இன்னும் கம்பெனி ஃபைலில் எங்கேயாவது இருக்கும்.

2010-ல் அப்பா. அப்போது மேனேஜர் ரிட்டயராகி இருந்தார். யார் சொன்னார்களோ, பஸ் பிடித்துக் குடியாத்தம் வந்து, கையில் ரோஜா மாலையோடு கூட்டத்தில் நின்றார். காரியம் எல்லாம் முடிந்து கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த அப்பாவுக்குத்தானே அன்னிக்கு ஆபரேஷன்?"

"ஆமா சார்."

கையை விடவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "முறுக்கு நல்லா இருந்துது" என்றார். அவ்வளவுதான். அப்புறம் வாசலில் நின்று, "வரட்டுமாப்பா?" என்று கேட்டார். உத்தரவு கேட்கிறார்! நான் தலையை ஆட்டினேன்.

வாத்தியார் டிக்‌ஷனரியில் அன்றைக்கு விட்டுப்போன இன்னொரு லீவையும் பிற்பாடு பார்த்தேன். விட்டுப் போகிற லீவ். அதன் பழைய அர்த்தம் போவது அல்லவாம், மிச்சம் வைப்பது. அதற்கும் கீழே தோண்டினால் ஒட்டிக்கொள்வது. சந்தனம் பூசுவதை லேபனம் என்கிறோமே, அந்த வேர்தானாம். அம்மாவின் கட்டை விரல் மைதான் ஞாபகம் வந்தது.

இப்போது அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதே கம்பெனி இல்லை. அதே மாதிரி இன்னொன்று. லீவ் லெட்டரெல்லாம் போய்விட்டது. 'ஒபீடியன்ட்லி' எல்லாம் மலையேறிவிட்டது. போன மாசம் ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வாட்ஸப்பில் வந்தது: "சார், பாட்டி டெத். 2 நாள் லீவ்." பக்கத்தில் கும்பிடுகிற பொம்மை ஒன்று. எங்கள் டாக்குமென்டேஷன் பையன், இருபத்து நாலு வயசு. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். பிப்ரவரியிலும் ஒரு பாட்டி. அன்றைக்குப் புதுப்பட ரிலீஸா, மேட்சா என்று தேடிப் பார்க்கலாம் என்று கை போயிற்று. 'எந்தப் பாட்டி?' என்று டைப் அடித்தேன். அழித்தேன். 'சரிப்பா, பார்த்துக்க' என்று அனுப்பினேன்.

புதன்கிழமை வந்தான். மொட்டை அடித்திருந்தான்.

இது என்ன மொட்டை? பாட்டிக்காகவா? அல்லது நண்பர்களோடு திருப்பதியா? எங்களூரிலிருந்து திருப்பதி ஒன்றும் தூரமில்லை. தலையில் சந்தனம் பூசியிருந்ததா என்று பார்த்தேன். கழுவியிருந்தான். முகம் கொஞ்சம் வாடினாற்போல் இருந்தது, ராத்திரி பஸ்ஸில் வந்தவன் முகமும் அப்படித்தான் இருக்கும். "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டேன். "சாப்ட்டேன் சார்" என்றான்.

சி.எல். 2 என்று போட்டு கையெழுத்து வைத்தேன்.